ரீலோட் ஆகிவிட்டது என்று மட்டும் சொல்லாதீர்கள்

தரவுத்தளக் கருவிகளுக்கு நிரல் எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்



கான்ஃபிக் கோப்பைப் படிக்கும் பகுதியை உங்கள் குழுவில் யாரிடம் கொடுக்கிறீர்கள்? நான் பார்த்தவரை, போன மாதம் சேர்ந்தவரிடம். குவெரி பிளானரும் இண்டெக்ஸும் ரெப்ளிகேஷனும் மூத்தவர்களுக்குப் போய்விடும். ஒரு பெயர், ஒரு சமக்குறி, ஒரு மதிப்பு; இதில் என்ன இருக்கிறது என்று மிச்சத்தைப் புதியவர் தலையில் கட்டுவீர்கள். அவரும் இரண்டு நாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார். அதன்பிறகு அந்தக் கோப்பை நீங்கள் யாரும் திறப்பதில்லை. அந்த நிரலோடு குடித்தனம் நடத்துவது நாங்கள்தான், இரவில் போன் அடித்தால் எழுந்து உட்காருகிற டிபிஏக்கள். அந்த உரிமையில்தான் இதை உங்களுக்கு நேரடியாக எழுதுகிறேன்.

முதல் மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். நினைவகக் கசிவு இருக்கிறது என்று டிக்கெட் போட்டால் ஒரே மாதிரி பதில் எழுதுகிறீர்கள்: "இது ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவை ஓடுகிற கோட். ப்ராசஸ் முடிந்ததும் ஓஎஸ் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொள்ளும்." டிக்கெட் மூடப்படுகிறது.

ஒரு தடவையா? போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கான்ஃபிக் கோப்பை மாற்றிவிட்டு சிக்ஹப் சிக்னல் அனுப்பினால், தாய் ப்ராசஸான போஸ்ட்மாஸ்டர் கோப்பை மறுபடி படிக்கிறது. அதோடு நிற்பதில்லை. தன் பிள்ளை ப்ராசஸ்கள் அத்தனைக்கும் அதே சிக்னலை அனுப்புகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு ப்ராசஸ். ஒவ்வொன்றும் கோப்பைத் தானே திறந்து, தானே படித்து, தானே சரிபார்க்கிறது. இணைப்பு 300 என்றால் ஒரு ரீலோடுக்கு அந்த நிரல் 300 தடவைக்கு மேல் ஓடுகிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நூற்றுச்சொச்சம் வரிகள் உள்ள கோப்பு, ஒவ்வொரு வரியிலும் பெயருக்கும் மதிப்புக்கும் எடுத்த சில பைட்டுகளை விடுவிக்கவில்லை, மொத்தம் 4 கேபி என்று வையுங்கள். முன்பெல்லாம் மனிதர்கள் மாதத்துக்கு ஒருமுறை ரீலோட் செய்தார்கள். இப்போது ஆட்டோமேஷன் கருவி செய்கிறது, நிமிடத்துக்கு ஒன்று என்றாலும் யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு நாளைக்கு 1,440 ரீலோட், ஒரு ப்ராசஸுக்கு ஏறக்குறைய 5.6 எம்பி. இணைப்புகளைப் பூலர் பிடித்து வைத்திருப்பதால் அந்த 300 ப்ராசஸ்களும் நாள்கணக்கில் சாவதில்லை. ஒரே நாளில் ஒன்றரை ஜிபிக்கு மேல் போய்விட்டது. புதிதாகப் பிறக்கிற பிள்ளையும் தப்பாது. ஃபோர்க் ஆகும்போதே தாயின் வீங்கிய நினைவகப் படத்தோடுதான் அது வருகிறது.

போஸ்ட்கிரெஸ் இதற்குக் கண்ட தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. கோப்பைப் படிக்கும் வேலை தொடங்கும்போதே அதற்கென்று ஒரு தனி மெமரி கான்டெக்ஸ்ட்டை உருவாக்குகிறார்கள். இடையில் எடுக்கிற தற்காலிக நினைவகமெல்லாம் அதற்குள் விழுகிறது. வேலை முடிந்ததும், வெற்றியோ தோல்வியோ, கான்டெக்ஸ்ட்டையே மொத்தமாக அழித்துவிடுகிறார்கள். விருந்து முடிந்ததும் எது மிச்சம் என்று பொறுக்கிக்கொண்டிராமல் இலையோடு மடித்து எடுப்பதுபோல. நிலைத்து இருக்க வேண்டிய மதிப்புகளை மட்டும் முன்கூட்டியே வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்கிறார்கள். இதற்கான காரணத்தையும் நிரலிலேயே குறிப்பாக எழுதிவைத்திருக்கிறார்கள்: இந்த ஃபங்ஷன் ப்ராசஸின் ஆயுள் முழுக்க வாழும் கான்டெக்ஸ்ட்டிலிருந்து அழைக்கப்படுகிறது, ரீலோடுக்கு ரீலோட் கசிவு சேர்ந்துவிடக் கூடாது என்று. உங்கள் கருவியில் இப்படிக் கான்டெக்ஸ்ட் வசதி இல்லாமல் இருக்கலாம். இரண்டு பக்கத்தில் ஒரு சின்ன அரீனா எழுதிக்கொள்ள முடியும். அதற்கு மூத்தவரைக்கூடக் கூப்பிட வேண்டாம்.

அவசரப்பட்டு, கண்ட இடத்திலெல்லாம் ஃப்ரீ போட்டுக் கசிவை அடைக்கவும் வேண்டாம். அதையும் அனுபவித்திருக்கிறோம். ஒரு சரத்தை இரண்டு இடத்தில் சுட்டிக்கொண்டிருப்பீர்கள், ஒன்று விடுவித்துவிடும், மற்றது செத்த இடத்தைப் படிக்கும். கசிவு மெதுவாகக் கொல்லும். இந்தத் தவறான ஃப்ரீயோ நினைத்த நேரத்தில், நினைத்த ப்ராசஸில், காரணமே தெரியாமல் கவிழ்க்கும். இந்த நினைவகம் யாருடையது, யார் விடுவிக்க வேண்டும் என்று ஃபங்ஷனின் தலையில் ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியை எழுத முடியாமல் திணறினால் வடிவமைப்பிலேயே கோளாறு இருக்கிறது என்று பொருள்.

"லினக்ஸில் மால்லாக் தோற்கவே தோற்காது, எதற்கு அதைச் சரிபார்த்துக்கொண்டு" என்றும் சிலர் சொல்கிறீர்கள். சாதாரண மடிக்கணினியில் கிட்டத்தட்ட உண்மை; கர்னல் கையில் இல்லாததையும் தருவதாக வாக்குக் கொடுத்துவிடும், பிறகு ஓஓஎம் கில்லர் வந்து யாரையாவது அடிக்கும். ஆனால் தரவுத்தள சர்வரில் அந்தப் பழக்கத்தை நாங்கள் அணைத்துவைக்கிறோம். ஓவர்கமிட் மதிப்பை 2 என்று வைக்கச் சொல்லி போஸ்ட்கிரெஸின் ஆவணமே பரிந்துரைக்கிறது. அப்படி வைத்த எந்திரத்தில் மால்லாக் உண்மையாகவே நல் திருப்பித் தரும். நீங்கள் சரிபார்க்காமல் விட்ட அதே வரியில்.

அப்போது என்ன செய்ய வேண்டும் என்பதும் சின்ன கேள்வி இல்லை. தொடங்கும் நேரம் என்றால் பிழையைச் சொல்லிவிட்டு நின்றுவிடலாம். ஓடிக்கொண்டிருக்கும்போது ரீலோடில் நினைவகம் போதவில்லை என்றால்? போஸ்ட்கிரெஸில் சாதாரணமாக நினைவகம் கேட்டுக் கிடைக்காவிட்டால் எரர் எறியப்படும். போஸ்ட்மாஸ்டருக்குள் அப்படி எறியப்படும் எரரைப் பிடிக்க யாரும் இல்லையென்றால் அது ஃபேட்டலாக உயரும், மொத்த சர்வரும் சாயும். அதனால்தான் கான்ஃபிக் மதிப்புகளுக்கு நெடுங்காலம் நேரடி மால்லாக்கைப் பயன்படுத்தி வந்தார்கள். 2023-இல் வந்த 16-ஆம் பதிப்பில் அவற்றையும் ஒரு தனி மெமரி கான்டெக்ஸ்ட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்போதும், கிடைக்கவில்லை என்றால் எரர் எறியாமல் நல் திருப்பித் தரும் வழியைத்தான் வைத்தார்கள். லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, பழைய மதிப்போடு சர்வர் ஓடிக்கொண்டிருக்கும். அடிப்படையான ஒரு நிரலை இத்தனை வருடம் கழித்தும் ஒருவர் உட்கார்ந்து திருத்தியிருக்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

இனி பிழைச் செய்திக்கு வருகிறேன். என் கோபத்தில் பெரும்பங்கு இங்கேதான்.

ஒரு நிறுவனத்தில் சொந்தமாக எழுதிய கனெக்ஷன் பூலர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று புதிய இணைப்புகளை ஏற்க மறுத்தது. நெட்வொர்க் குழுவை எழுப்பினார்கள், ஃபயர்வாலைப் பார்த்தார்கள், தரவுத்தளத்தின் மேல் பழி போட்டார்கள். லாகில் "கான்ஃபிக் எரர்" என்று இரண்டே சொல், பல நாளாக, பக்கம் பக்கமாக. கோப்பின் பெயர் இல்லை, வரி எண் இல்லை. பழகிப்போய் யாரும் அதைப் படிப்பதையே விட்டுவிட்டிருந்தார்கள். நிரலைத் திறந்து பார்த்தால் கதை தெரிந்தது. கோப்பைத் திறக்கிறது, பெயரைப் பிரதி எடுக்கிறது, மதிப்பைப் பிரதி எடுக்கிறது, அலகைச் சரிபார்க்கிறது. அலகு தவறு என்றால் அங்கேயே மைனஸ் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறுகிறது. இரண்டு பிரதிகளும் அப்படியே கிடக்கின்றன. திறந்த கோப்பும் மூடப்படவில்லை. தவறான அதே கோப்பை ஆட்டோமேஷன் கருவி சில நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறது. நினைவகம் தீருவதற்கு முன்பே ஃபைல் டிஸ்கிரிப்டர் தீர்ந்துவிட்டது. லினக்ஸின் வழக்கமான வரம்பு 1024. அதன்பின் சாக்கெட் திறக்க எண் ஏது?

கசிவும் ஊமைச் செய்தியும் ஒரே ஃபங்ஷனில் இருந்ததைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. தோற்கும் பாதையை யாரும் ஓட்டிப் பார்க்காத இடத்தில் இரண்டும் சேர்ந்தேதான் வளரும். உங்கள் நிரலில் ஒன்றைக் கண்டால் மற்றதைத் தேடுங்கள், நாலு வரி தள்ளி இருக்கும்.

நல்ல செய்தி எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒன்று காட்டுகிறேன். போஸ்ட்கிரெஸில் ஷேர்டு பஃபர்ஸ் அளவை 4 ஜிபி என்று கொடுக்கும்போது, ஆங்கிலத்தில் அந்த ஜிபியைச் சிற்றெழுத்தில் எழுதிவிடுங்கள். அது ஏற்காது, அலகுகளில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. ஆனால் வெறுமனே முடியாது என்று சொல்லிவிட்டுப் போகாது. எந்த அமைப்பு, நீங்கள் எழுதிய மதிப்பு என்ன என்று சொல்லும். கீழே குறிப்பாக, இந்த அமைப்புக்குச் செல்லும் அலகுகள் இவை இவை என்று சரியான எழுத்துகளில் வரிசையாகக் காட்டும். அந்த வரியைப் பார்த்த மாத்திரத்தில் தூக்கக் கலக்கத்திலும் தவறு புரிந்துவிடும். எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் மேற்கோள்குறி இல்லாமல் இடைவெளி விட்டால், எந்தக் கோப்பில் எந்த வரியில் எந்தச் சொல்லருகே இலக்கணம் உடைந்தது என்று சொல்லும். இலக்கணப் பிழைகள் 100-ஐத் தொட்டால், மேலே படிக்காமல் கைவிடுகிறேன் என்று அதையும் சொல்லிவிட்டு நிறுத்தும். தவறுதலாக ஒரு பைனரி கோப்பைக் காட்டிவிட்டால் லாக் வட்டு நிரம்பாமல் காப்பது இந்த வரம்புதான்.

நீங்கள் பெரும்பாலும் மறந்துவிடும் இன்னொன்றையும் அது சொல்கிறது. கோப்பில் பிழை இருக்கிறது, சரி. இப்போது எந்த மதிப்பு அமலில் இருக்கிறது? தெரியாத பெயரோ இலக்கணப் பிழையோ இருந்தால், எந்த மாற்றமும் செய்யப்படவில்லை என்று எழுதும். ஒரு மதிப்பு மட்டும் தவறு என்றால், பாதிக்கப்படாத மாற்றங்கள் செய்யப்பட்டன என்று எழுதும். நள்ளிரவில் எனக்குத் தேவைப்படுவது இந்த வாக்கியம்தான். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு அமைப்பையும் கையால் கேட்டுப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முந்நூறு பிள்ளைகளும் ஒரே பிழையைக் கத்தினால் லாக் என்ன ஆகும்? அதையும் யோசித்திருக்கிறார்கள். பிழையை உரக்கச் சொல்வது போஸ்ட்மாஸ்டர் மட்டும். பிள்ளைகள் அதையே டீபக் மட்டத்தில் முணுமுணுத்துக்கொள்ளும்.

போஸ்ட்கிரெஸ் எல்லாவற்றிலும் உத்தமம் என்று நான் சொல்லவரவில்லை. ரீலோட் செய்யும் ஃபங்ஷனை அழைத்தால் 'ட்ரூ' என்று பதில் வரும். சிக்னல் போய்ச் சேர்ந்தது என்பதைத் தவிர அதில் வேறு தகவல் இல்லை. கோப்பு ஏற்கப்பட்டதா, தூக்கியெறியப்பட்டதா என்பது லாகில் கிடக்கும். மாற்றியவர் 'ட்ரூ'வைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். சர்வர் பழைய மதிப்போடு நன்றாகவே ஓடும். சில மாதம் கழித்துக் கர்னல் அப்டேட்டுக்காக யாராவது ரீஸ்டார்ட் செய்வார்கள். ரீலோடின்போது பொறுத்துக்கொண்ட அதே பிழையைத் தொடக்கத்தின்போது சர்வர் பொறுக்காது, ஃபேட்டல் என்று நின்றுவிடும். என்றோ யாரோ செய்த எழுத்துப்பிழைக்கு, அன்று ஆன்-காலில் இருப்பவர் மாட்டுவார்.

இந்தக் குறைக்குப் பிறகு திருத்தம் வந்தது. 2016 ஜனவரியில் வெளியான 9.5-இல், கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியையும் எந்தக் கோப்பு, எந்த வரி, செல்லுபடியாகுமா, இல்லையென்றால் என்ன பிழை என்று அட்டவணையாகக் காட்டும் ஒரு வியூ சேர்ந்தது. ரீலோட் செய்வதற்கு முன்பே அதில் பார்த்துக்கொள்ளலாம். 2017-இல் 10-ஆம் பதிப்பில், யார் எங்கிருந்து இணையலாம் என்று சொல்லும் அணுகல் விதிக் கோப்புக்கும் அதேபோல் ஒன்று வந்தது. 2022-இல் 15-ஆம் பதிப்பில் பயனர் பெயர்ப் பொருத்தக் கோப்புக்கும். ஆறேழு வருடத்தில் மூன்று வியூ. இவற்றுக்கு யாரும் விழா எடுக்கவில்லை, ஆனால் எங்கள் தூக்கத்துக்கு எந்தப் புதிய இண்டெக்ஸ் வகையைவிடவும் இவை அதிகம் செய்திருக்கின்றன.

அந்த அணுகல் விதிக் கோப்பைப் படிக்கும் முறையையும் ஒருமுறை பாருங்கள். புதிய விதிகள் அத்தனையையும் தனி கான்டெக்ஸ்ட்டில் கட்டி முடிக்கிறது. முதல் பிழையிலேயே நிற்காமல் கடைசிவரை படித்து எல்லாப் பிழைகளையும் ஒரே தடவையில் சொல்கிறது. ஒரு பிழை இருந்தாலும் புதியதை அழித்துவிட்டுப் பழையதையே வைத்துக்கொள்கிறது. எல்லாம் சரி என்றால்தான் இடம் மாற்றுகிறது. பாதிப் பழைய விதி, பாதிப் புதிய விதி என்ற நிலையே வராது. நினைவக ஒழுங்கும் பிழை ஒழுங்கும் ஒரே ஏற்பாட்டில் கிடைத்துவிடுகிறது. உங்களுக்கு மாதிரி வேண்டுமென்றால் இதைப் படியுங்கள்.

கணினி தரும் காரணத்தை வழியிலேயே தொலைப்பதும் உங்களிடம் அடிக்கடி பார்க்கும் பிழை. கோப்பைத் திறக்க முடியவில்லை. எர்ர்நோவில் காரணம் இருக்கிறது. அதை எடுத்து வைத்துக்கொள்ளாமல் வேறு நாலு வேலை செய்துவிட்டுச் செய்தி எழுதுகிறீர்கள். அதற்குள் இடையில் நடந்த ஏதோ ஒரு அழைப்பு எர்ர்நோவை மாற்றியிருக்கும். "இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத ஐஓசிடிஎல்" என்று சம்பந்தமே இல்லாத புலம்பல் வருவது இப்படித்தான். இன்னும் அழகு, கணினி அழைப்பே தோற்காத இலக்கணப் பிழைக்கும் எர்ர்நோவைச் சேர்த்து அச்சிடுவது. "கான்ஃபிக் படிக்க முடியவில்லை: வெற்றி" என்று வரும். சிரிக்கலாம், பகலாக இருந்தால்.

கன்டெய்னர் காலத்தில் இன்னொரு வம்பு சேர்ந்திருக்கிறது. டாக்கரில் ஒரு கோப்பை உள்ளே மவுன்ட் செய்யச் சொல்லி மைனஸ் வி கொடுக்கிறோம். பாதையில் எழுத்துப்பிழை, அந்தக் கோப்பு இல்லை. டாக்கர் அந்தப் பெயரில் ஒரு டைரக்டரியையே உருவாக்கிக் கொடுத்துவிடும். லினக்ஸில் டைரக்டரியைப் படிப்பதற்காக எஃப்ஓபன் செய்தால் அது வெற்றி பெறும்! படிக்கும்போதுதான் தோற்கும். உங்கள் நிரலோ எஃப்கெட்ஸ் நல் கொடுத்ததும் கோப்பு முடிந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறது. முடிந்ததா, தோற்றதா என்று எஃப்எரரைக் கேட்பதில்லை. விளைவு, எல்லா அமைப்பும் டீஃபால்ட்டில், எந்தப் புகாரும் இல்லாமல் சர்வீஸ் எழுந்து நிற்கிறது. அளவு மாறாத பஃபரில் வரி படிப்பதும் இந்த ஜாதிதான். பஃபரைவிட நீளமான வரியின் வால் அடுத்த வரியாகிவிடும். போஸ்ட்கிரெஸின் கிளையன்ட் நூலகத்திலேயே பாஸ்வேர்ட் கோப்பின் வரிக்கு அப்படி ஒரு நீள எல்லை முன்பு இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். பாஸ்வேர்ட் எட்டு எழுத்தாக இருந்த காலம் போய், கிளவுட் டோக்கன்கள் பல நூறு எழுத்தாகிவிட்டன.

ரெடிஸ் கான்ஃபிக்கில் பிழை என்றால் வரி எண்ணோடு அந்த வரியையே எடுத்துக் காட்டும். எனக்குப் பிடித்த பழக்கம். நீங்களும் செய்யலாம், ஆனால் பாஸ்வேர்ட் இருக்கக்கூடிய வரி என்றால் மதிப்பை மறைத்துவிடுங்கள். லாகை யார் யாரோ படிப்பார்கள். மைஎஸ்கியூஎல் எல்லோரும் எழுதக்கூடிய கான்ஃபிக் கோப்பைக் கண்டால் எச்சரித்துவிட்டு அதைப் புறக்கணிக்கும். பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் எச்சரிக்கையோடு மேலே ஓடுவது எனக்குச் சம்மதமில்லை. நான் எழுதிக் கொடுத்த கோப்பைப் படிக்க மாட்டேன் என்றால், தொடங்கவும் கூடாது என்பது என் கட்சி. இதில் உங்களுக்கு வேறு கருத்து இருந்தால் ஏற்பேன், அந்த முடிவை ஆவணத்தில் எழுதியிருந்தால் சரி.

கடைசியாக, பேட்ச் ரிவ்யூ செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை. யாராவது இந்தப் பகுதியில் ஒரு ஃப்ரீயைச் சேர்த்தோ, செய்தியில் கோப்பின் பெயரைச் சேர்த்தோ அனுப்பினால், "அலங்கார மாற்றம்" என்று தள்ளுகிறீர்கள், அல்லது மாதக்கணக்கில் பார்க்காமல் விடுகிறீர்கள். அனுப்பியவர் பெரும்பாலும் அடிபட்டவர், ஒரு இரவைத் தொலைத்துவிட்டுத்தான் அந்த நாலு வரியை எழுதியிருப்பார். அதைத் தள்ளினால் அவர் அடுத்த முறை அனுப்ப மாட்டார். தன் எந்திரத்தில் மட்டும் திருத்திக்கொண்டு போய்விடுவார்.

என் வேண்டுகோள் இதுதான். இந்த மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். உங்கள் கருவியின் கான்ஃபிக் கோப்பை எடுத்துக் கெடுங்கள். அலகைத் தவறாக எழுதுங்கள், மேற்கோள்குறியை மூடாமல் விடுங்கள், கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் டைரக்டரியை வையுங்கள், அனுமதியைப் பறியுங்கள், கோப்பு தன்னையே உள்ளே அழைக்கும்படி எழுதுங்கள். போஸ்ட்கிரெஸ் இன்க்ளூடை 10 அடுக்கோடு நிறுத்துகிறது. உங்களுடையது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு கெடுதலோடும் ஆயிரம் தடவை ரீலோட் செய்து, ப்ராசஸின் நினைவகமும் திறந்த கோப்புகளின் எண்ணிக்கையும் முன்னும் பின்னும் எவ்வளவு என்று எழுதிவையுங்கள். அட்ரஸ் சானிடைசரையும் வால்கிரைண்டையும் ஓட்டுங்கள், ஆனால் அவற்றோடு நிறுத்திவிடாதீர்கள். குளோபல் பட்டியலில் தொங்கிக்கொண்டே வளரும் நினைவகம் இன்னும் எட்டக்கூடியதுதான் என்று அவை விட்டுவிடும். ஆயிரம் ரீலோடில்தான் அது மாட்டும்.

பிறகு, வந்த பிழைச் செய்திகளை ஒரு தாளில் அச்சிட்டு, அந்த நிரலைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுங்கள். எந்தக் கோப்பு, எந்த வரி, ஏன், இப்போது எந்த மதிப்பு அமலில் இருக்கிறது என்ற நான்குக்கும் நிரலைத் திறக்காமல் அவர் பதில் சொல்ல வேண்டும். சொல்ல முடியாத செய்தியைத் திருத்தி, கெடுத்த கோப்பையும் டெஸ்டாகச் சேர்த்து, பேட்ச் அனுப்புங்கள். இந்த வேலையைப் புதியவரிடம் கொடுப்பதானால் கூடவே ஒரு மூத்தவரும் உட்காருங்கள். ரிலீஸ் குறிப்பில் ஒரு வரி போட மறக்காதீர்கள். நாங்கள் அதைத் தேடிப் படிக்கிறோம்.

அன்புடன்,
ஆன்-காலில் இருக்கும் ஒரு டிபிஏ